புதுப்பிப்பு: சேர்வர் ஏன் நின்றது என்று தெரிந்துவிட்டது

திருகோணமலையில் எங்கள் அலுவலகச் சேர்வர் வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் தானாக நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். நினைவகத்தைச் சோதிக்கும்படி பலர் சொன்னீர்கள். மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனை மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை.

வழி காட்டியது, சேர்வர் தன்னில் நடப்பதை எழுதிவைக்கும் பதிவுக் கோப்புதான். மென்பொருள் கோளாறு பெரும்பாலும் ஏதாவது தடயத்தை எழுதிவிட்டுப் போகும். இங்கே பதிவு சட்டென அறுந்து, அடுத்த வரியே மறுதொடக்கம். அப்படியானால் மின்சாரம். காப்புப் பிரதி ஓடும் நேரம் மல்ரிமீற்றரை வைத்தேன். சேர்வருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையின் 12 வோல்ட் கம்பி 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. வட்டுகளுக்கு வேலை கூடியதும் 11.1 காட்டியது.

பவர் சப்ளையைத் திறந்தபோது நெஞ்சு பதறியது. தலை உப்பிய இரண்டு கொள்ளளவிகள் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகங்கள்), அடியில் காய்ந்த பழுப்புக் கசிவு. காற்றாடி இறக்கைகளில் பிசின் போன்ற தூசி விரலோடு ஒட்டி வந்தது. அறை ஜன்னல் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்துத் தூசியை அப்பிவிடுகிறது. காற்றோட்டம் குறைந்து சூடு ஏறினால் கொள்ளளவி சீக்கிரம் கெடும். (நீங்கள் திறப்பதாக இருந்தால் கவனம்: இணைப்பைக் கழற்றிய பின்னும் உள்ளே உயிராபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் தொடவே வேண்டாம்.)

புதிய பவர் சப்ளை பொருத்தி 19 நாட்கள், ஒருமுறைகூட நிற்கவில்லை. இப்போது கம்பியில் 12.1. யூபிஎஸ் பற்றரியை மாற்றச் சொன்ன அண்ணா, அது நல்ல நிலையில் இருக்கிறது. ஜன்னலை அடைத்துவிட்டோம்.