1941 கிள்ளான் வேலைநிறுத்தம்: பழைய கோப்புகளைத் தேட உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பந்திங் வட்டாரத் தோட்ட மக்களின் வரலாற்றை அரசாங்கக் கோப்புகளிலிருந்து தொகுத்து வருகிறேன். பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

முதலில் தேடுவது 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம். நம்மவர்கள் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடுங்கள், பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுங்கள், துரை (வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்) எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லாதீர்கள் என்றும் கேட்டார்கள். அந்தச் சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. வேலைநிறுத்தத் தலைவர் ஆர்.எச். நாதனைப் பிரிட்டிஷ் ஆட்சியினர் கைது செய்து நாடு கடத்தினார்கள். அதிகாரிகள் எழுதியது கிடைத்துவிடும். தொழிலாளர்கள் கொடுத்த மனுக்கள்தான் எனக்கு வேண்டும்.

காப்பகத்தில் தேடிய அனுபவம் உள்ளவர்கள், தொழிலாளர் இலாகா கோப்புகளை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்லுங்கள். கோப்புகளில் தோட்டங்கள் கம்பெனிப் பெயரில் இருக்கும். நம் பெரியவர்கள் சொல்லும் பெயர் வேறு. பந்திங், மோரிப், காப்பார் பக்கத்துத் தோட்டங்களின் இரண்டு பெயர்களும் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வீட்டில் பழைய சம்பளச் சீட்டோ மனுவின் நகலோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும்.