தலைக்கனத்தால் சரிந்தவர்கள்: நேரில் கண்டதைப் பகிருங்கள்

முதல் பதிவு

ஆண்டு முடிவுக் கணக்கு நேரம். எல்லாக் கணக்குகளின் நிலுவைகளையும் திரட்டிய பட்டியலான இருப்பாய்வில், சமமாக இருக்க வேண்டிய பற்றுக்கும் வரவுக்கும் இடையே 2,700 வித்தியாசம். புதிதாகச் சேர்ந்த இளைஞர் எங்கள் தலைமைக் கணக்கரிடம், "சார், வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது, எங்கேயோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன" என்று பணிவாகச் சொல்லி, 7,400 என்பது 4,700 என்று ஏறியிருந்த பேரேட்டுப் பக்கத்தை அவர் முன் நீட்டினார். பதிவு தலைமைக் கணக்கரின் கையெழுத்தில் இருந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "இருபது வருடமாக என் பேரேட்டில் யாரும் கை வைத்ததில்லை. வித்தியாசத்தை அனாமத்தில் போடு" என்றார். காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்குதான் அனாமத்து.

அதன்பின் தம் பிழை ஒவ்வொன்றையும் அந்த அனாமத்துக் கணக்கிலேயே தள்ளிவந்தவர், தணிக்கையில் அது வெளிப்பட்டபோது விளக்கம் சொல்ல முடியாமல் பதவியை இழந்தார். ஒரு காசுகூட அவர் எடுத்ததில்லை. அன்றே திருத்தியிருந்தால் ஓர் அடித்தல், பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம், அவ்வளவோடு முடிந்திருக்கும்.

மறுமொழி 1

நண்பரே, பழி முழுவதையும் அவர்மீது சுமத்துவதை நான் ஏற்கவில்லை. அந்த அறையில் நீங்களும் இருந்தீர்கள் அல்லவா? என் இசை ஆசிரியரும் சுருதி விலகியதை எவரும் சொல்லப் பொறுக்காதவர், கடைசியில் அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஆளில்லாமல் போயிற்று. நாங்களும் வாய் திறக்காமல்தான் இருந்தோம்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே, அனுமதி கிடைக்காமலேயே விமானத்தை ஓடவிட்ட கேப்டன், தம் நிறுவனத்தில் பிறருக்குப் பயிற்சி அளிக்கும் நிலையில் இருந்த மூத்தவர். எதிரிலிருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் ஐயத்தோடு கேட்டார், விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னதும் அவர் மேலே பேசவில்லை. இரு விமானங்களும் மோதின, இறந்தவர்கள் 583 பேர். விமானத் தொடர்பு வானொலியில் கட்டுப்பாட்டு அறையின் குரலும் மற்ற விமானத்தின் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததும் ஒரு காரணம், ஆகவே செருக்கு என்ற ஒற்றைச் சொல்லில் அதை அடக்கிவிட முடியாது. இருந்தாலும், இளையவர் தயங்காமல் தடுக்க வேண்டும், மூத்தவர் செவிகொடுக்க வேண்டும் என்பது விமானிகளின் பயிற்சியிலேயே பின்னர் இடம்பெற்றது. நீங்களும் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதிய கணக்கை இன்னொருவர் சரிபார்த்து ஒப்பமிடும் முறையைக் கொண்டுவாருங்கள், பதவியில் மூத்தவருடையதை முதலில் சரிபாருங்கள்.

மறுமொழி 2

முறை வகுத்தால் போதும் என்கிறீர்கள், ஐயா. கேட்பவர் மனம் மூடிக் கிடந்தால் எந்த முறையும் பயன் தராது. நான் கணித ஆசிரியர். மூன்றாம் வரியில் கழித்தல் குறி விடுபட்டிருப்பதாக ஒரு மாணவன் எழுந்து சொன்னான். "முதலில் உன் நோட்டைப் பார், உட்கார்" என்றேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது அவன் சொன்னதே சரி என்று தெரிந்தது, ஆனாலும் மறுநாள் அதை ஒப்புக்கொள்ள எனக்கு நா எழவில்லை. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எவரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. ஒருமுறை கரும்பலகையிலிருந்து திரும்பியபோது அவன் கை பாதி உயர்ந்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் அதை மெல்ல இறக்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டான்.