மறுமொழி: மடங்காத கத்திக்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

மலையேற்றக் கையேட்டின் நான்காம் இயல் இரண்டு வாரமாக ஒரு சொல்லில் தடுக்கிக் கிடக்கிறது. காட்டுக்கும் மலைக்கும் போகிறவர் மடக்குக் கத்தியை எடுத்துச் செல்வதா, மடங்காததையா என்பதுதான் அந்த இயலின் பொருள். முதலாவதற்குப் பெயர் இருக்கிறது. இரண்டாவதை எப்படி அழைப்பது என்று கேட்டிருந்தேன். மடல் எழுதிய அனைவர்க்கும் நன்றி. இலக்கணச் சண்டைக்கு வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

> பெயரே எதற்கு? கத்தி என்றாலே மடங்காததுதான். பாட்டி கீரை அரிந்தது எதனால்?

ஐயா, என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த மடல்தான். நீங்கள் சொல்வது வீட்டுக்குள் சரி. அடுக்களையில் 'கத்தியை எடு' என்றால் யாரும் 'மடங்குமா, மடங்காதா' என்று கேட்பதில்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஒரு பக்கத்தில் 'கத்தி, மடக்குக் கத்தி' என்று எழுதினால் ஒவ்வொரு வரியிலும் படிப்பவர் தடுமாறுவார். 'கத்தியின் எடை கூடுதல்' என்றால் எந்தக் கத்தி?

இதே சிக்கல் நம் முன்னோர்க்கும் வந்திருக்கிறது. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. பேனாக்கத்தியைப் போலப் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். அதற்காக மற்றவற்றை 'மடங்கா எழுத்தாணி' என்று யாரும் அழைக்கவில்லை. தலையில் குண்டு இருந்தால் குண்டெழுத்தாணி. ஓலையை வாரும் கத்தி தலையில் இருந்தால் வாரெழுத்தாணி. தன்னிடம் இல்லாததைச் சொல்லாமல், இருப்பதைச் சொல்லிப் பெயர் பெற்றிருக்கின்றன. நமக்கு வேண்டிய வழி அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

> நிலைக்கத்தி என்று வைக்கலாம். சுருக்கம், தெளிவு.

சுருக்கம் உண்மை. தெளிவுதான் இல்லை. நிலைக்கண்ணாடி, நிலைப்பேழை என்றெல்லாம் சொல்லும்போது ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கும் பொருள் மனத்தில் வருகிறது. நிலைக்கத்தி என்றால் என் கண்முன் வருவது அரிவாள்மனை. அதை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளியங்கிரி ஏற முடியாது. 'நிலைத்த அலகுக் கத்தி' என்று இன்னொருவர் விரித்திருந்தார். அது 'ஃபிக்ஸட் பிளேட்' என்ற ஆங்கிலத்துக்குத் தமிழ் வேட்டி கட்டியது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

> மடங்காக் கத்தி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அழகான தமிழ்.

அழகுதான். மடல் எழுதிய அம்மையாரின் நுட்பம் ஒன்றையும் பாராட்ட வேண்டும். 'மடக்காக் கத்தி' என்று எழுதாமல் 'மடங்காக் கத்தி' என்று எழுதியிருக்கிறார். மடக்காத கத்தி என்பது யாரோ மடக்காமல் விட்டுவைத்த மடக்குக் கத்தி. மடங்காத கத்தி என்பது மடங்கவே மடங்காதது. ஓர் ஙகரத்தில் இரண்டு கருவிகள் பிரிந்து நிற்கின்றன. வேறு மொழியில் இதற்கு ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்.

ஆனாலும் தலைப்புச் சொல்லாக அதை ஏற்க எனக்கு ஒரு தடை. மடக்குக் கத்தியில் பூட்டு உள்ளவை உண்டு. விரித்துப் பூட்டிவிட்டால் அதுவும் மடங்காது. அப்போது அது மடங்காக் கத்தியா? சிரிக்காதீர்கள், பிரிட்டனில் சட்டமே இப்படித்தான் போகிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மேற்படாத மடக்குப் பேனாக்கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். மற்றவற்றுக்குத் தக்க காரணம் வேண்டும். விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி, உடனே மடக்க முடியாதது என்பதால், இந்தச் சலுகைக்குள் வராது என்று 1993-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூட்டு விழுந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது மடங்காததற்குச் சமம். கையேட்டை லண்டனில் இருந்தும் சிலர் படிப்பார்கள் என்பதால் இதை விட்டுவிட முடியாது.

சட்டத்தை விட, விரலுக்காகவும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையில் ஒரு மூங்கில் குழலில் துளை போட முயன்றேன். கையில் இருந்தது பூட்டு இல்லாத பேனாக்கத்தி. முனையைக் குத்தித் திருகினேன். திருகிய வேகத்தில் அலகு மடங்கும் பக்கம் விசை போயிற்று. அலகை விரித்து நிறுத்தும் வில் எவ்வளவு நேரம் தாங்கும்? ஆட்காட்டி விரலில் மூன்று தையல். தவறு கத்தியுடையது அன்று, வெட்டுவதற்கு ஆன கருவியால் குத்தியவனுடையது. மூட்டு இருக்கும் கத்தியில் மூட்டுதான் நலிந்த இடம் என்பதை அன்று படித்தேன். விறகின் மேல் கத்தியை வைத்து முதுகில் கட்டையால் தட்டிப் பிளக்கும் வேலையை மடக்குக் கத்தியிடம் கொடுக்கக் கூடாது. (இந்தத் தட்டிப் பிளத்தலுக்கும் ஒருவர் தனிச்சொல் கேட்டிருந்தார். 'தட்டிப் பிளத்தல்' போதாதா?)

மூட்டுக்கு இன்னொரு நோயும் உண்டு. பலாப்பழம் அரிந்தால் பால் உள்ளே இறங்கிப் பிசினாகிவிடும். மீன் அறுத்தால் செதிள் ஒட்டிக்கொள்ளும். ஆற்று மணல் போனால் நறநறக்கும். மடங்காததை ஓடையில் கழுவித் துணியில் துடைத்தால் வேலை முடிந்தது.

இப்போது என் வேட்பாளர்: உறைக்கத்தி.

மடக்குக் கத்திக்குப் பிடியே உறை. மடங்காததற்குத் தனி உறை வேண்டும், இல்லாமல் மலையேறக் கூடாது. ஆக, கண்ணுக்குத் தெரியும் அடையாளமே பெயராகிறது, வாரெழுத்தாணி போல. நமக்குப் புதிதும் அன்று. 'ஓர் உறையில் இரண்டு கத்தி' என்ற பழமொழியில் வரும் கத்தி மடங்குகிற கத்தியாக இருக்க முடியாது. சுவீடன்காரர்களும் இதையே செய்திருக்கிறார்கள். டாலர்னா மாவட்டத்து மோரா என்னும் ஊர் இந்த வகைக் கத்திக்குப் பேர்போனது. அவர்கள் சொல்லும் 'ஸ்லீட்க்னீவ்' என்ற பெயரைப் பிரித்தால் உறை, கத்தி என்று இரண்டே துண்டு.

> தோல் உறையோடு விற்கும் மடக்குக் கத்தியும் இருக்கிறதே! 1964-இல் வந்த பக் 110-ஐ என்ன செய்வீர்கள்?

நல்ல குத்து. ஆனால் அந்தத் தோலுக்குள் போவது மடங்கிய கத்தி. தோல் தொடுவது பிடியை, அலகை அன்று. அது பை. உறை என்பது அலகைத் தொட்டுக்கொண்டிருப்பது. ஐயம் வந்தால் வினைச்சொல்லைக் கேளுங்கள். உறையிலிருந்து கத்தியை உருவுகிறோம். மடக்குக் கத்தியை விரிக்கிறோம். யாரும் பேனாக்கத்தியை உருவியதில்லை. உருவினால் கத்தி உறைக்கத்தி. இந்தச் சோதனையில் தோற்கும் கத்தியை இதுவரை நான் பார்க்கவில்லை; பார்த்தவர்கள் எழுதுங்கள். அடுக்களைக் கத்தி வெறும் கத்தியாகவே இருக்கட்டும்.

மடக்குக் கத்திக்குள் வகை பிரிக்கும் சொற்களுக்கு வருகிறேன். ஒற்று மிகுமா என்ற கேள்விக்கு மட்டும் நாற்பது வரி எழுதியிருந்த நண்பருக்கு: மடக்கு என்பதைப் பெயராகக் கொண்டால் வன்தொடர்க் குற்றியலுகரம், மிகும். வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது. நான் மிகுந்த பக்கம். மிகாமல் எழுதினால் யாரோ கத்திக்குக் கட்டளையிடுவது போல இருக்கிறது.

யாழ்ப்பாணத்து அன்பர் 'வில்லுக்கத்தி' என்ற சொல்லை நினைவூட்டினார். அருமையான சொல். அதை மடக்குக் கத்தி எல்லாவற்றுக்கும் பொதுவாக்காமல், முதுகில் உள்ள வில்லின் இறுக்கத்தால் மட்டும் விரிந்து நிற்கும் வகைக்கு ஒதுக்கலாமா? 1891-இல் சுவிஸ் படைக்குக் கார்ல் எல்சனர் செய்து கொடுத்த கத்தி முதல் இன்று நம் ஊர் அலமாரிகளில் கிடக்கும் சிவப்புக் கத்தி வரை பெரும்பாலும் இந்த வகைதான். பூட்டு விழுவது பூட்டுக்கத்தி. வில்லும் பூட்டும் இல்லாமல் மூட்டின் இறுக்கத்தால் மட்டும் நிற்பது மூன்றாம் வகை. ஜப்பானியரின் ஹிகோனோகாமி அப்படி. அதன் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் நெம்பைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். இதற்கு 'இறுக்குக்கத்தி' என்று எழுதியிருக்கிறேன். மனம் நிறையவில்லை. நல்ல சொல் கிடைத்தால் மாற்றுகிறேன்.

பிரான்சின் சவோய்ப் பகுதியில் 1890-இல் தொடங்கிய ஒப்பினெல் கத்தி ஒரே வாழ்நாளில் இரண்டு வகையாக இருந்திருக்கிறது. முதலில் இறுக்குக்கத்தி. 1955-இல் கழுத்தில் சுழலும் வளையம் சேர்ந்ததும் பூட்டுக்கத்தி. அளவுக்கு ஓர் எண் வைத்து விற்கும் இந்தக் கத்திகளில், சிறிய எண்களுக்கு இன்றும் வளையம் இல்லை, 6-ஆம் எண்ணிலிருந்து உண்டு. பலர் வாங்கும் 8-ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ. ஆகவே பிரிட்டன் சட்டத்தில் அது நீளத்தாலும் தோற்கும், பூட்டாலும் தோற்கும். இந்த ஒரு கத்தியை வைத்தே நான்காம் இயலின் பாதியை விளக்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

என்னிடமும் ஒரு 8-ஆம் எண் இருக்கிறது. வால்பாறை மழையில் இரண்டு நாள் நனைந்து, பீச் மரப்பிடி ஊறிப் பருத்து, அலகை வெளியே விட மறுத்துவிட்டது. வாழைப்பழத்தை உரித்துத் தின்று பசியாறினேன். சவோய் மக்கள் இதற்கு வைத்திருக்கும் வைத்தியம் பிறகுதான் தெரிந்தது. பிடியின் அடியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும். பிடித்து இழுத்துவிடலாம். அதற்கு அவர்கள் தங்கள் ஊர்ப்பெயரையே வைத்துவிட்டார்கள், சவோயார்த் தட்டு என்று. மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் வசதிக்குக் கொடுக்கும் விலை இது. நாள்நடைக்கு, பழம் அரிய, கயிறு அறுக்க, அந்த விலையை மகிழ்ச்சியாகக் கொடுப்பேன். இரவு தங்கி விறகு பிளக்க வேண்டிய பயணம் என்றால் உறைக்கத்திதான். நம் ஊர் விமானத்தில் கைப்பையில் இரண்டுக்குமே இடமில்லை என்பதையும் இயலில் சேர்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம். உறைக்கத்தியின் அலகு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பது வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. அந்த உள்ளே போகும் இரும்புக்குப் பெயர் வேண்டும். 'காம்பு' என்று இருவர் எழுதியிருந்தார்கள். மண்வெட்டிக் காம்பு என்றால் பிடி அல்லவா? குழப்பும். 'வால்' என்கிறேன். பிடியின் கடைசி வரை போனால் முழுவால், பாதியில் நின்றால் அரைவால், மெலிந்து போனால் எலிவால். மோராவின் புகழ்பெற்ற ரப்பர்ப்பிடிக் கத்திகளில் பல அரைவால்தான், நன்றாகவே உழைக்கின்றன என்பதால் முழுவால்தான் உயர்ந்தது என்று எழுதப் போவதில்லை.

அரிவாளுக்குப் பிடி போடும் கொல்லர்கள் அந்த இரும்பைக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கிப் பூண் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அதற்கு ஒரு சொல் கட்டாயம் இருக்கும். அன்று கேட்கத் தோன்றவில்லை. திருப்பாச்சேத்திப் பக்கம் யாராவது இருந்தால் ஒரு பட்டறைக்குப் போய்க் கேட்டு எழுதுங்கள். அதுவரை 'வால்' என்பதைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
நான்காம் இயலில் சிக்கியவன்