கலைச்சொல் வேண்டும்: அப்பா பெயரிலிருந்து பிறக்கும் பெயரை என்னவென்று சொல்வது?

செ.ம. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக உலக மக்களின் பெயர்களைப் பற்றி 24 பக்கத்தில் ஒரு சிறு நூல் தயாரிக்கிறோம். வியாழன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பாதிச் சொற்கள் தொல்லை தரவில்லை. கானா நாட்டின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானோடு இரட்டையாகப் பிறந்த சகோதரிக்கும் அதே வெள்ளிதான், பெண்பாலில் எஃபுவா. இதைக் 'கிழமைப்பெயர்' என்று எழுதியிருக்கிறேன். பாலித் தீவில் முதல் பிள்ளை வயான், அடுத்து மாடே, ஞோமான், கெதுட். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயான். இது 'பிறப்புவரிசைப் பெயர்'.

மாட்டிக்கொண்டது பேட்ரோனிமிக்கில், அதாவது அப்பா பெயரிலிருந்து பிறக்கும் பெயரில். ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் வழக்கம் மிகக் குறைவு. அப்பா பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' சேரும். 1980-இல் அந்த நாட்டின் குடியரசுத் தலைவரான விக்டிஸ் ஃபின்போகடோட்டிர், ஃபின்போகியின் மகள். 'தந்தைப்பெயர்' என்று எழுதி வகுப்பில் கேட்டுப் பார்த்தேன்: "விக்டிஸின் தந்தைப்பெயர் என்ன?" ஒன்பது வயதுப் பையன் ஒருவன் உடனே "ஃபின்போகி" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. பள்ளிப் படிவத்தில் தினமும் பார்க்கிற 'தந்தை பெயர்' அதுதானே! ஒரு 'ப்' மட்டும் இவ்வளவு பாரத்தைத் தாங்காது.

இப்போது 'தந்தைவழிப் பெயர்' என்று மாற்றியிருக்கிறேன். சரியா?

இரா.மு. எழுதியது:

சரி என்றே நினைக்கிறேன் அம்மா. பார்த்தவுடன் புரிகிறது. ரஷ்யாவுக்கும் பொருந்தும். தந்தை இலியா என்றால் மகன் இலியிச், மகள் இலியினிச்னா. விளாதிமிர் இலியிச்சின், அதாவது லெனினின், சகோதரிகள் ஆன்னா இலியினிச்னா, மரியா இலியினிச்னா. சின்ன வயதில் மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படிக்கும்போது ஒரே ஆளுக்கு எத்தனை பெயர் என்று குழம்பியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, நாம் 'ஐயா' போட்டுப் பேசும் இடத்தில் அவர்கள் இட்ட பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று. நூலில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கி.சா. எழுதியது:

'தந்தைவழி' தவறான பொருள் தரும். தந்தைவழிப் பாட்டி, தந்தைவழிச் சொத்து என்கிறோம். அது ஒரு மரபுவழியைக் குறிக்கும் சொல். மேலும் நம் வழக்கில் தந்தைவழியாக வருவது தாத்தாவின் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன், பாட்டனின் பெயரைத் தாங்குபவன். ஐஸ்லாந்தில் ஃபின்போகியின் பெயர் அவர் மகளோடு நின்றுவிடும், பேரப்பிள்ளைக்குப் போகாது. அந்த வேறுபாட்டைத்தானே பிள்ளைகள் படிக்க வேண்டும்? அதையே நீங்கள் தேர்ந்த சொல் மறைக்கிறது.

இதற்கு நாம் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. தொல்காப்பிய எழுத்ததிகாரம், புள்ளி மயங்கியலை எடுத்துப் பாருங்கள். சாத்தனுக்கு மகன் கொற்றன் என்றால் சாத்தங்கொற்றன். 'சாத்தன்' என்பதில் அன் கெட்டு அம் சாரியை வருகிறது. எங்கே? "மக்கள் முறைதொகூஉம் மருங்கினான" என்கிறார், அதாவது இன்னாரின் பிள்ளை என்ற முறை மறைந்து நிற்கும் இடத்தில். யோன் என்ற பெயரோடு ஓர் 'ஸ்' சேர்த்து, அதன்மேல் 'சொன்' ஏற்றி யோன்சொன் ஆக்குகிறார்கள் அல்லவா? அந்த 'ஸ்' செய்கிற வேலையை நம் 'அம்' செய்திருக்கிறது. சங்கப் புலவர் பெயரிலேயே சான்று உண்டு: மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார். சேந்தன் மகன் பூதன்.

இதற்குச் சற்று முன்னாலேயே எதிர்த்திசையும் இருக்கிறது. "இயற்பெயர் முன்னர்த் தந்தை முறைவரின்" என்று தொடங்கும் நூற்பா. சாத்தனுக்குத் தந்தை சாத்தந்தை, ஆதனுக்குத் தந்தை ஆந்தை. பிசிராந்தையார் பெயரில் இருப்பது இந்த ஆந்தை. பிசிர் என்பது ஊர், பறவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிள்ளையின் பெயரால் தந்தையை அழைப்பது அது. அரபியில் அபூ (தந்தை), உம்மு (தாய்) சேர்த்து வரும் குன்யா என்ற பெயரும் இந்த வகைதான். தமிழ்நாட்டில் அபூபக்கர் என்பதைப் பிள்ளைக்கே இட்ட பெயராக வைக்கிறோம். அபூ என்றால் தந்தை என்பது நினைவில் இல்லை. ஆந்தையாருக்கும் அதுவே நடந்திருக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை 'மகமுறைப் பெயர்'. மக என்றால் ஆண் பெண் இரண்டும் அடங்கும்.

வ.யோ. எழுதியது:

கி.சா. ஐயா, அருமையான விளக்கம். சேந்தம்பூதனாரை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அந்த 'ம்' ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் 'மகமுறைப் பெயர்' வேண்டாம். முறைப்பெயர் என்று தொல்காப்பியரே சொல்வது தாய், தந்தை போன்ற உறவுச் சொற்களை. ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டில் இன்னொருவரைக் குடிவைக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு நம் முதலெழுத்தைக் காட்டுங்கோ. (தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து என்பீர்கள். எங்கள் பக்கம் படிவத்திலேயே 'முதலெழுத்துக்களுடன் பெயர்' என்று கேட்பார்கள்.) என் பெயருக்கு முன் உள்ள 'வ' என் அப்பா. இங்கு கனடா வந்தபின் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் ஏறிவிட்டது. வங்கியில் என்னை அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் போய்ப் பதினொரு வருடம். ஒவ்வொரு முறையும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன். ஐஸ்லாந்துக்காரருக்கு இந்தச் சங்கடம் உள்ளூரில் இல்லை. அங்கே தொலைபேசிப் புத்தகம்கூட இட்ட பெயரின் அகரவரிசையில்தான் இருந்தது.

'தந்தையடிப் பெயர்' எப்படி? பெயரடியாகப் பிறந்த வினை என்று இலக்கணத்தில் சொல்வோமே, அதுபோல.

செ.ம. எழுதியது:

வ.யோ. அண்ணா, இலக்கணப்படி அழகாக இருக்கிறது. ஆனால் வகுப்பில் சத்தமாக வாசித்தால் 'தந்தை அடி' என்றுதான் காதில் விழும். இருபது பிள்ளைகள் முன்னால் என்னால் சொல்ல முடியாது. மன்னிக்கவும்.

கி.சா. ஐயா, சாத்தங்கொற்றனுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்துவிட்டேன். சொல்தான் இன்னும் கிடைக்கவில்லை.

நா.வே. எழுதியது:

இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். பேட்ரோனிமிக் என்றே தமிழெழுத்தில் எழுதிவிட்டு அடியில் விளக்கம் கொடுத்தால் என்ன? இணையத்தில் தேடுகிற பிள்ளைக்கு அந்தச் சொல்தான் உதவும்.

கி.சா. எழுதியது:

உடன்பாடில்லை. பெயரையே மொழிபெயர்த்த மரபு நம்முடையது. வேதாசலம் மறைமலை ஆனார், சூரியநாராயணர் பரிதிமாற்கலைஞர் ஆனார். யோவானை அருளப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் கத்தோலிக்கர் அழைத்தார்கள். யோவான் என்றால் 'இறைவன் அருளினான்', பவுல் என்றால் 'சிறியவன்'. யோசேப்பை வீரமாமுனிவர் வளன் என்றார். மனிதரின் பெயரையே பொருள் பார்த்துத் தமிழாக்கியவர்கள், பெயரின் வகைக்கு ஒரு சொல் இல்லை என்று கைவிரிக்கலாமா?

நா.வே. எழுதியது:

ஐயா, அந்த அருளப்பர் பின்னால் யோவானாகத் திரும்பியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கத்தோலிக்கரின் இன்றைய தமிழ் விவிலியத்தில் யோவான்தான் இருக்கிறது. அருளப்பன் என்ற பெயரை நான் மதிக்கிறேன், என் தாத்தாவின் பெயர் அது. ஆனால் அதே யோவான்தான் ஜான், இவான், ஹுவான், யஹ்யா என்று ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஒலியைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அந்த வழி தெரிகிறது. அருளப்பரிலிருந்து இவானுக்கு எந்தப் பிள்ளையால் போக முடியும்?

இரா.மு. எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் நூலில் வர வேண்டியவை. ஆனால் நாளை வியாழன். கை தூக்கிவிடலாமா? என் வாக்கு தந்தைவழிப் பெயருக்கு. குறை உண்டு, தெரிந்தே சொல்கிறேன்.

செ.ம. எழுதியது:

தனிமடலில் வந்ததையும் சேர்த்து, தந்தைவழிப் பெயருக்கு ஐந்து, மகமுறைப் பெயருக்கு இரண்டு, பேட்ரோனிமிக்குக்கு ஒன்று. அச்சுக்குத் தந்தைவழிப் பெயர் போகிறது. முதல் முறை வரும் இடத்தில் 'அப்பாவின் பெயரோடு மகன், மகள் என்று சேர்ந்து உருவாகும் பெயர். பேரப்பிள்ளைக்குப் போகாது' என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். பிள்ளை பெயரால் பெற்றோரை அழைப்பதற்குச் சொல் எதுவும் வைக்கவில்லை. 'செல்வி அம்மா' என்று தெருவில் கூப்பிடுவோமே, அதை எடுத்துக்காட்டாகக் கொடுத்து, பக்கத்தில் பிசிராந்தையாரையும் வைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கி.சா. எழுதியது:

நூல் நன்றாக வரட்டும் அம்மா, வாழ்த்துகள். என் மறுப்பை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். ஐஸ்லாந்தில் தாயின் பெயரோடும் இப்படிச் சேர்க்கிறார்கள். ஹெய்தார் ஹெல்குசொன் என்றொரு முன்னாள் கால்பந்து வீரர் இருக்கிறார், ஹெல்காவின் மகன். அவருக்கு என்ன எழுதுவீர்கள், தாய்வழிப் பெயர் என்றா? நம் பிள்ளைகள் அதைத் தாய்மாமன் பெயர் என்று நினைத்தால் யாரைக் குறை சொல்வது?

வ.யோ. எழுதியது:

ஹெல்காவின் மகனுக்காகவாவது மறுபதிப்பில் திரும்பப் பேசுவோம் ஐயா. நான் 'மக' பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன். அந்த 'முறை' மட்டும்தான் இன்னும் உறுத்துகிறது.