தகிட தகதிமியும் ட்ரீம் தியேட்டரும்

என்னை ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழுவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது மிருதங்கம்தான்.

2004இல் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. கரையோர ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். கணித வகுப்பில் பக்கத்தில் இருக்கும் நண்பன் ஒருநாள் ஓர் இறுவட்டைத் தந்தான். உறையில் பெயர் இல்லை. நீலப் பேனாவால் 1999 என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தக் குழுவின் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ என்ற பாடல் தொகுப்பு அது. அறிதுயிலில் ஆழ்த்தப்படும் நிக்கலஸ் என்பவன், 1928இல் கொலையுண்ட விக்டோரியா என்ற பெண்ணின் வாழ்க்கையைக் காண்கிறான். தொகுப்பு முழுவதும் அந்த ஒரே கதை.

கதையை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘த டான்ஸ் ஒஃப் இடேர்னிட்டி’. ஆறு நிமிடம், பாடல் வரி கிடையாது. வழக்கம்போல் கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது, சில நொடிகளில் தடுமாறி நின்றுவிட்டது. ஏழு வருடம் மிருதங்கம் படித்தவனுக்கு அது பெரிய அவமானம். கொப்பியை எடுத்து, தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டாக எழுதிப் பார்த்தேன். ஓரிடத்தில் தகிட தகதிமி என்று ஏழு வருகிறது. அது நிலைகொள்வதற்குள் தக தகிட என்று ஐந்து. மூன்று இரவுகள் இருந்தும் பாதிதான் எழுத முடிந்தது.

அந்தக் கொப்பியோடு பம்பலப்பிட்டியில் இருந்த என் மாஸ்டரிடம் போனேன். வகுப்பு முடிந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் ஒட்டியிருந்த ரவைப் பசையைப் பெருவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஒரு இயர்போனை அவர் காதிலும் மற்றதை என் காதிலும் வைத்தோம். சுரண்டிய விரல் அப்படியே நின்றது. பிறகு ரவை ஒட்டிய அதே கை முழங்காலில் எண்ணத் தொடங்கியது. பழைய ஊமைப்படங்களுக்கு வாசிப்பதுபோல் பியானோ துள்ளிக்கொண்டு வரும் இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

இவர்கள் கணக்கு, அதாவது தாளக் கணக்கு, தெரிந்தவர்கள் என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எளிதில் வராது. மேடை ஏறிய மாணவர்களுக்கே அதற்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நமது கச்சேரியில் தாளம் அசையாமல் நிற்கும், அதன்மேல் கணக்கைப் போட்டு, கோர்வை என்ற முடிப்புச் சொற்கோவையை மும்முறை வாசித்து, பாட்டுத் தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து சேர்ப்போம். இவர்களோ தாளத்தையே மாற்றிக்கொண்டு போகிறார்கள், ஆனாலும் எல்லோரும் ஒன்றாக இறங்குகிறார்கள் என்று விளக்கினார். அன்று முதல் நான் இந்தக் குழுவை வேறு காதால் கேட்கிறேன்.

வெறும் வித்தை காட்டுகிறார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே தொகுப்பில் ‘த ஸ்பிரிட் கெரீஸ் ஒன்’ இருக்கிறது. என் அம்மம்மா இறந்த மாதத்தில் எனக்குத் துணையிருந்தது அந்தப் பாட்டு. 2016இல் வந்த ‘த அஸ்டோனிஷிங்’ தொகுப்பு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீண்டு என்னைக் களைக்க வைத்தது.

1985இல் பொஸ்டனின் பேர்க்லி இசைக் கல்லூரியில் கிற்றார் வாசிக்கும் பெட்ருச்சி, பேஸ் கிற்றார் வாசிக்கும் மியுங் ஆகியோரோடு இக்குழுவைத் தொடங்கியவர் ட்ரம்ஸ் வாசிக்கும் மைக் போர்ட்னோய். 2010இல் அவர் விலகியபோது வீட்டில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. பின்னர் வந்த மைக் மஞ்சினியும் அபாரமான கலைஞர். அவர் காலத்தில்தான் ‘த ஏலியன்’ பாட்டுக்கு 2022இல் கிராமி விருது கிடைத்தது. இருந்தாலும் 2023 அக்டோபரில், கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிபட்டு வந்துகொண்டிருந்தபோது போர்ட்னோய் திரும்பிவிட்டார் என்ற செய்தியைப் படித்து, என் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

2025 பெப்ரவரியில் குழுவின் ‘பராசோம்னியா’ தொகுப்பு வெளியானது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஸ்பீக்கரைத் தரையில் வைத்தேன். அவர் மிருதங்கத்தை அதன் அருகே இழுத்து, இடது கையைத் தொப்பியில் பதித்துக்கொண்டார். தோல் அதிர்ந்தது. ‘நைட் டெரர்’ பாட்டின் நடுவில் அவருடைய வலது கை விரல்கள் எண்ணத் தொடங்கின.