விண்வெளி விளையாட்டு ஆடிட்டு வானம் பார்க்க மாடிக்கு ஏறினவங்க இருக்கீங்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பாலக்கோடு டீச்சர்:

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

நாங்கள் போட்டது ஸ்டெல்லேரியம், எந்த ஊரின் இரவு வானத்தையும் திரையில் காட்டுவது. அது விளையாட்டா, மென்பொருளா என்று கேட்டால், எங்கள் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுதான். நேரத்தை முன்னே ஓட்டுவார்கள், பின்னே ஓட்டுவார்கள், செவ்வாயை யார் முதலில் பிடிப்பது என்று பந்தயம் கட்டுவார்கள். கணினி பழசு. புதுப் பதிப்பு கருப்புத் திரையோடு நின்றுவிட்டது. பழைய பதிப்பு ஒன்றைப் பென்டிரைவில் வாங்கி வந்து போட்டேன், ஓடியது. இலவசம் என்பதால் யாரிடமும் காசு கேட்கும் வேலை இல்லை.

முதல் நாள் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொன்னேன். திரையில் வடக்கே நல்ல உயரத்தில் நின்றது. மறுநாள் காலை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "டீச்சர், அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. ராத்திரி ரெண்டு தடவ ஏறிப் பாத்தேன்" என்றான். முகம் வாடியிருந்தது. எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. மறுபடி திறந்தபோதுதான் திரையின் கீழ் ஓரம் கண்ணில் பட்டது. இடம்: பாரிஸ். பாரிஸ் வானத்தை வைத்துக்கொண்டு பாலக்கோட்டில் தேடியிருக்கிறான் பிள்ளை.

ஊரைத் தர்மபுரி என்று மாற்றினேன். 49 டிகிரியில் நின்ற நட்சத்திரம் 12 டிகிரிக்கு இறங்கிவிட்டது, மரக்கிளை உயரத்துக்கு. கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும், ஒரு விரல் சுமார் 2 டிகிரி. அப்படியானால் நம் ஊரில் ஒரு முட்டியும் ஒரு விரலும். அன்று சாயங்காலம் கரண்ட் வேறு போயிருந்தது. பையன் அவன் வீட்டு மாடியில் வடக்கே பார்த்து நின்று, அடிவானத்தில் முட்டியை வைத்து, அதன் மேல் ஒரு விரலை வைத்தான். விரலுக்கு மேலே மங்கலாக ஒரு புள்ளி. "இருக்கு டீச்சர்" என்று கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான்.

அவன் அப்பா ராணுவத்தில், அப்போது ஜம்முவில் இருந்தார். அவருக்குப் போன் போட்டு முட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று சொன்னான்: "எங்கப்பாவுக்கு மூணு முட்டிக்கும் மேல டீச்சர்." ஜம்மு ஏறக்குறைய 32, 33 டிகிரி அட்சரேகை. பூமியின் வட பாதியில் எந்த ஊரில் நின்று பார்க்கிறோமோ அந்த ஊரின் அட்சரேகைதான் ஏறக்குறைய துருவ நட்சத்திரத்தின் உயரம். இதை எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இரண்டு முட்டி தூரம் என்று ஒரு வகுப்பே புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

அதனால் யார் போட்டாலும் முதலில் ஊர்ப் பெயரை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஓசூர், சிப்காட்:

டீச்சர், படிக்கவே நல்லா இருந்துச்சு. நான் டிப்ளமோ முடிச்சிட்டு இங்க சிஎன்சி ஆபரேட்டரா இருக்கேன். நான் ஆடுறது கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். நாமே ராக்கெட் கட்டி நாமே ஏவணும். காசு கொடுத்து வாங்குறது, தள்ளுபடி வர்ற வரைக்கும் காத்திருந்து வாங்கினேன்.

பதினொண்ணாவது இயற்பியல்ல சுற்றியக்க வேகம், விடுபடு வேகம் ரெண்டுக்கும் சூத்திரம் எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். ஆனா ராக்கெட்னா மேலே போகணும்னுதான் மனசுல இருந்துச்சு. முதல் ஒரு வாரம் நேரா மேலே விட்டேன், எல்லாம் நேரா கீழே வந்துச்சு. உயரம் போறது வேற, சுத்துறது வேறன்னு அப்பதான் உறைச்சுது. கொஞ்சம் மேலே போனதும் சாய்ச்சு, பக்கவாட்டுல வேகத்தை ஏத்தணும். விழுந்துகிட்டேதான் இருக்கு, ஆனா தரை வளைஞ்சு விலகிப் போற வேகத்துல விழுது. அதுதான் சுற்றுப்பாதை. அந்த விளையாட்டுல வர்ற கோள் சின்னது, ஆரம் 600 கிலோமீட்டர்தான், நம்ம பூமிக்கு 6,371. அதனால அங்க நொடிக்கு ரெண்டே கால் கிலோமீட்டர் போதும், இங்க 7.8 வேணும்.

இன்னொண்ணு. முன்னாடி போற விண்கலத்தை எட்டிப் பிடிக்க வேகத்தைக் கூட்டினா நாம பின்தங்கிடுவோம்! கூட்டினா பாதை உயர்ந்து சுத்து பெருசாயிடும். பிடிக்கணும்னா வேகத்தைக் குறைச்சு கீழ்ப்பாதைக்கு இறங்கணும். எந்தப் புத்தகத்துலயும் இது எனக்கு ஏறினதில்ல.

சந்திரயான்-3 2023 ஜூலை 14ல கிளம்பி ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6:04க்கு இறங்குச்சு இல்லையா, அப்ப ரூம்ல பசங்க, "அப்போலோ நாலு நாள்ல போச்சே, நமக்கு மட்டும் ஏன் 40 நாள்?"னு கேட்டாங்க. லேப்டாப்பைத் திறந்து ஆடியே காட்டினேன். நம்ம ராக்கெட் அப்போலோவோடத மாதிரி பெருசு இல்ல. பூமிக்குக் கிட்ட வர்றப்பல்லாம் இன்ஜினைக் கொஞ்சம் எரிச்சா எதிர்ப்பக்கம் பாதை தூரமாப் போகும். அப்படியே சுத்திச் சுத்தி நீட்டி, கடைசியா நிலாவைப் பார்த்து விடுறது. நாலு பேரும் சாப்பாட்டுத் தட்டைக் கையில வெச்சுகிட்டே பார்த்தாங்க.

2019 செப்டம்பர்ல சந்திரயான்-2ஓட லேண்டர் விக்ரம், நிலாவில இறங்குற கடைசி நேரத்துல விழுந்த ராத்திரி நானும் முழிச்சிருந்தேன். அதுக்கப்புறம் இந்த விளையாட்டுல நிலாவில இறங்கப் பார்த்தப்ப எத்தனை தடவை கடைசி நூறு மீட்டர்ல கவிழ்ந்திருக்கேன். எனக்கு ஒரு பட்டனைத் தட்டினா பழைய நிலைக்குப் போயிடும். அவங்களுக்கு அது கிடையாது. 2023ல எங்க ரூமே எழுந்து நின்னு கை தட்டுச்சு, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

கிருஷ்ணகிரி, இரண்டு பெண்களுக்கு அம்மா:

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெரியவளுக்கு 'விண்வெளிக் கல்வி விளையாட்டு' என்று போட்டிருந்த ஒரு ஆப்பை நம்பி இறக்கிக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். கோள்களை ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி அடுக்கி, விண்கற்களைச் சுடச் சொன்னது. அவளும் வியாழன் செவ்வாய்க்கு அடுத்த தெரு என்றே பல நாள் நினைத்திருந்தாள். கல்வி என்று பெயர் வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பொய்யைப் பழக்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதிலிருந்து ஒரே சோதனைதான் வைத்திருக்கிறேன்: இன்று ராத்திரி நிலா எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அதையே அந்த விளையாட்டும் காட்டுகிறதா? காட்டவில்லை என்றால் அழித்துவிடுவேன்.

ஸ்டெல்லேரியம் அதில் தேறியது. சின்னவள் சனியைப் பெரிதாக்கி வருஷங்களை ஓட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று, "அம்மா, வளையம் காணாமப் போச்சு" என்றாள். பார்த்தால் திரையில் ஓடிய தேதி 2025 மார்ச். 15 வருஷத்துக்கு ஒருமுறை போல வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பும்போது அது ஒரு கோடாகிவிடும். அதைப் பார்த்த பிறகு நிஜ சனியைக் காட்டு என்று பிடிவாதம்.

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, திருப்பத்தூர் வழியாக ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக் கூடத்துக்குக் கூட்டிப் போனோம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று. நம் மாவட்டத்துக்கு இவ்வளவு பக்கத்தில் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். வரிசையில் நின்று சின்னத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். வளையம் ஒடுங்கிச் சாய்ந்திருந்தது. அடுத்தவருக்கு இடம் விடச் சொல்லியும் நகரவில்லை. கடைசியில் திரும்பி, "நான் ஓட்டினதுல இருந்த மாதிரியேதாம்மா இருக்கு" என்றாள். இறங்கும்போது முழுக்க அதே பேச்சுதான்.

பென்னாகரம்:

எங்க வீட்டுல கம்ப்யூட்டர் இல்லைங்க, போன் மட்டும்தான். மகன் எட்டாவது. எங்க பக்கம் ராத்திரி நல்ல இருட்டு. எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

பாலக்கோடு டீச்சர்:

அண்ணா, அந்த இருட்டு உங்களுக்குக் கிடைத்த வரம். ஸ்டெல்லேரியம் போனிலும் வருகிறது. ஊரைப் பென்னாகரம் என்று வைத்துவிட்டு, முதலில் கார்த்திகையையும் ரோகிணியையும் தேடச் சொல்லுங்கள். அம்மாவோ பாட்டியோ அந்தப் பெயர்களை ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், பையனுக்குப் பிடிப்பு வரும். பிறகு மே மாதம் நடுவில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தெற்கே தென்சிலுவை. நம் ஊரில் அது 18 டிகிரிதான் ஏறும், இரண்டு முட்டிக்கும் கொஞ்சம் குறைவு. தெற்குப் பக்கம் மலையோ மரமோ மறைக்காத இடமாகப் பகலிலேயே போய்ப் பார்த்து வையுங்கள். போன் வெளிச்சத்தைச் சிவப்பாக்க அதிலேயே ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டால் கண் கூசாது. பையன் எத்தனை முட்டி அளந்தான் என்று இங்கே எழுதுங்கள் அண்ணா, நான் வகுப்பில் படித்துக் காட்டுகிறேன்.