மிலிட்டரி லாரி மேட்டில் இழுக்கவில்லையா? எஞ்சினை இறக்கும் முன் புகையைப் பாருங்கள்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

போடியிலிருந்து, டீசல் மெக்கானிக்:

ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய சக்திமான் லாரிகள் போடி, தேவாரம், கம்பம் பக்கமும் மேலே பூப்பாறை, உடும்பன்சோலை வரையும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேறு லாரி போகாத தோட்டப் பாதையில் விறகும் உரமும் ஏற்றிப் போக அதை விட்டால் ஆளில்லை. அந்த வண்டிகளில் எனக்கு வரும் புகாரில் பாதி ஒன்றேதான்: "இழுக்கல". அதற்குப் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும் பதிலும் ஒன்றேதான்: "பிஸ்டன் ரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்." இறக்கத் தேவையில்லாத எஞ்சின்கள் இறக்கப்படுவதைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இதைத் தொடங்குகிறேன்.

பூப்பாறை தாண்டி ஒரு ஏலத்தோட்டத்துச் சக்திமான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு, தோட்டத்துக்குச் சாண உரம், இதுதான் அதன் வேலை. போடியில் லோடு ஏற்றி முந்தல் வரை நன்றாக வரும். மேடு தொடங்கி நாலைந்து வளைவு ஏறியதும் மூச்சு வாங்கும். செகண்ட் கியரில் வந்தது ஃபர்ஸ்டுக்கு இறங்கும், பிறகு அதிலும் முனகும். ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் இரண்டு வளைவு நன்றாக ஏறும், மறுபடியும் அதே கதை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு எஞ்சினை இறக்கி சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்கள்.

வண்டிக்காரத் தம்பி போனில் சொன்னார், "அண்ணே, ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க. நீங்க இறக்கச் சொன்னா இறக்கிடுறேன்."

"மேட்டுல முழுசா மிதிக்கிறப்ப புகை என்ன கலர்ல வருது தம்பி?"

"புகையே வரலண்ணே."

பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. லோடோடு மேட்டில் மிதிக்கும்போது கரும்புகை தள்ளினால் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனையான நாசில் சரியாகத் தூவவில்லை. சூடான எஞ்சினிலும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் டைமிங் (டீசல் அடிக்கும் நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுந்துவது) பக்கம் பார்க்க வேண்டும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் எஞ்சினுக்குள் டீசலே போய்ச் சேரவில்லை. ரிங் தேய்ந்த எஞ்சின் புகையாமல் இருக்காது.

நேரில் போய் முதலில் பார்த்தது பெடலைத்தான். தம்பியைக் கேபினில் உட்கார்ந்து முழுசாக மிதிக்கச் சொல்லிவிட்டு, எஞ்சினுக்கு டீசலை அளந்து தள்ளும் பெரிய பம்பின் லீவர் கடைசி ஸ்டாப் ஸ்க்ரூவில் போய் முட்டுகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தேன். முட்டியது. எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் லீவரும் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. இந்த இரண்டும் சரியில்லாமல் வருஷக்கணக்காக ஓடும் வண்டிகள் உண்டு. ஸ்டாப் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றால் பம்பு முழு டீசலைத் தள்ளாது. ஒரு சொட்டு எண்ணெயில் தீர்கிற வியாதி அது.

ஃபில்டர் இரண்டும் புதுசு. அடுத்து கேன் சோதனை. சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பாடியின் முன்பக்கம் உயரத்தில் அசையாமல் கட்டி, டேங்க்கைத் தவிர்த்து டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்புக்குள் நேராகக் குழாய் விட்டோம். குழாய் சைலன்ஸர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருத்தர் கேன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு (ஏர் எடுப்பது என்போம்) அதே லோடோடு அதே மேட்டில் விட்டோம். வண்டி செகண்ட் கியரை விட்டு இறங்கவே இல்லை. ஃபீட் பம்பு, ஃபில்டர், பெரிய பம்பு, நாசில், எஞ்சின் எல்லாமே அந்த ஒரு ஏற்றத்தில் நிரபராதி ஆகிவிட்டன. குற்றம் டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்.

டேங்க் அடியில் வண்டல் இருந்தாலும் உறிஞ்சு குழாயின் வலை அடைபடவில்லை. மிச்சம் இருந்தது ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் வெடிப்பில்லை, ஒழுகலில்லை. கழற்றி ஒரு முனையில் வாய் வைத்து ஊதினேன், தாராளமாகப் போனது. அதே முனையில் உறிஞ்சினேன், அடைத்துக்கொண்டது. நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது உள்சுவர் ஒரு இடத்தில் உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது உறிஞ்சல் குறைவு, நாக்கு சும்மா கிடக்கும். மேட்டில் முழு டீசல் கேட்கும்போது அந்த இழுப்பில் எழும்பி வழியை மூடும். நிறுத்தி வைத்தால் மறுபடி படுத்துவிடும். ஓய்வு கொடுத்தால் இரண்டு வளைவு ஏறியது இதனால்தான்.

இந்த வண்டிகளை வாங்குபவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏலத்தில் "கிலோமீட்டர் ரொம்பக் கம்மி" என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ரப்பர் கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை. டிப்போவில் வருஷக்கணக்காக நின்ற வண்டியில் பிஸ்டன் புதுசு மாதிரி இருக்கும், ஹோஸ், சீல், டயாஃப்ரம் எல்லாம் செத்திருக்கும். நான் வாங்கினால் ஓட்டிப் பார்க்கும் முன்பே டீசல் லைன் ரப்பர் முழுவதையும் மாற்றிவிடுவேன்.

சக்திமான் 1959-இல் ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாரானது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் நம் பக்கத்து மலபாரிலிருந்து போன வி.கே. கிருஷ்ண மேனன். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணும் காதும் கையும் வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட வண்டியை ஆராயாமல் பிரிப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

சாந்தன்பாறை, ஏலத்தோட்டக்காரர்:

அண்ணே, எங்க வண்டிக்கும் டேங்க் பக்கம்தான். ஆனா ஹோஸ் இல்ல, மூடி. மூடியில காத்துப் போற சின்ன ஓட்டைய மண் குளவி அடைச்சிருந்துச்சு. காலையில எடுத்தா நல்லாப் போகும், டீசல் குறையக் குறைய டேங்க்குள்ள காத்து நுழைய வழியில்லாம இழுவை போயிடும். டிரைவர் டீசல் அளவு பாக்க மூடியத் தெறந்தப்ப "உஸ்"ஸுன்னு உள்ள காத்து இழுத்துச்சு. மூடிய லூஸா வச்சு ஓட்டச் சொன்னேன், பிரச்சினை இல்ல. ஊசியால குத்திவிட்டதோட சரி. மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைக்கிற வண்டின்னா ஏர் கிளீனர் வாய், சைலன்ஸர் வாய் எல்லாத்தையும் பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. எலியும் கூடு கட்டும்.

குப்பம் பக்கம், கல் குவாரியில் தண்ணி டேங்கர் ஓட்டுபவர்:

வணக்கம் அண்ணா. எங்க வண்டி நேர் எதிர். கரும்புகைன்னா அப்படி ஒரு கரும்புகை, பின்னாடி வர பைக்காரன் திட்டாத நாள் இல்ல. ஓனர் பம்ப் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னாரு. பழைய டிரைவர் ஒருத்தர், பெரியவர், "டேய், குவாரித் தூசியில ஓட்டுற, மொதல்ல ஏர் கிளீனரத் தொற" அப்படின்னாரு. அது ஆயில் பாத் டைப், உள்ள வர தூசி அடியில இருக்கற ஆயில்ல ஒட்டிக்கும். அடியில கோடு வரைக்கும்தான் ஆயில் இருக்கணும். எங்களுதுல கல்லுத்தூசி ஆயிலோட சேந்து களிமண்ணா கெட்டியாயிருந்துச்சு, அதுக்கு மேல கோடு தாண்டி ஆயில் வேற ஊத்தியிருந்தாங்க. காத்து போறதுக்கு எடமே இல்ல. வலையக் கழட்டி டீசல்ல ஊறவச்சுக் கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் விட்டோம். புகை பாதிக்கு மேல கொறஞ்சுது.

மீதி இழுவை வேற எடத்துல போயிட்டிருந்துச்சு. சமவெளியில ஒரு நாலு கிலோமீட்டர் பிரேக் தொடாம ஓட்டிட்டு நாலு டிரம்மையும் கிட்டக் கை வச்சுப் பாக்கச் சொன்னாரு அந்தப் பெரியவர். பின்னாடி இடது பக்கம் மட்டும் அனல். பிரேக் பிடிச்சபடியே ஓடியிருக்கு. எஞ்சின் நல்லாத்தான் இழுத்துது, பிரேக் தின்னுடுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். முன்சக்கரத்துக்கும் இழுவை குடுக்கற ஃப்ரண்ட் ஆக்சில் போட்டுட்டு எடுக்க மறந்துட்டு தார் ரோட்டுல ஓட்டாதீங்க. சேத்துல சக்கரம் வழுக்கும், ஒண்ணும் ஆகாது. தார் ரோட்டுல திரும்பறப்ப முன்னாடி ஆக்சிலும் பின்னாடி ஆக்சிலும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். வண்டியும் இழுக்காது, டயரும் தேயும், கியர் லீவரும் வெளிய வராது.

கம்பம், பம்ப்–நாசில் கடை:

போடி அண்ணன் சொன்ன புகைக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. என் கடைக்கு வரும் பம்புகளில் நிறைய, வர வேண்டிய அவசியமே இல்லாதவை.

மான் எஞ்சின் நாசிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தக் காலத்து மான் டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் தலையில் உருண்டையான குழி இருக்கும். மற்ற எஞ்சின்களில் டீசலைக் காற்றுக்குள் தூவுவார்கள். இதில் அந்தக் குழியின் சுவரில் படும்படி அடிப்பார்கள். சுவரில் படலமாகப் பரவி, ஆவியாகி, நிதானமாக எரியும். அதனால்தான் சத்தம் குறைவு. இதில் நாசிலின் ஓட்டைக் கணக்கும் கோணமும் மிக முக்கியம். டிப் பொருந்துகிறது என்பதற்காக வேறு லாரியின் நாசிலைப் போட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் புகைக்கும், இழுக்காது. நாசிலைப் பிடித்திருக்கும் இன்ஜெக்டரின் அடியில் பழைய செம்பு வாஷரை எடுக்காமல் அதன் மேலேயே புதுசு போடுவதும் அப்படித்தான். டீசல் படும் இடமே மாறிவிடும். அப்படி ஒரு வண்டி வண்டன்மேட்டிலிருந்து வந்தது. ஆறு இன்ஜெக்டரில் இரண்டில் ரெட்டை வாஷர். பம்பைத் தொடவே இல்லை, வாஷரைச் சரி செய்து அனுப்பினேன்.

"பம்புல கொஞ்சம் டீசலைக் கூட்டி விடுங்க, மேட்டுக்கு நல்லாருக்கும்" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டும். போடியிலிருந்து போடிமெட்டுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். உயரம் ஏற ஏறக் காற்று லேசாகும், டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அது வியாதி அல்ல, இயற்கை. கீழே போதுமான டீசலே மேலே அதிகம். அங்கே போய் இன்னும் கூட்டினால் காசுதான் கரும்புகையாகப் போகும். சூடு ஏறி பிஸ்டனும் வால்வும் கெடும். ஸ்டாப் ஸ்க்ரூவில் சீல் வைத்திருப்பது காரணத்தோடுதான். அப்படிக் கேட்பவர்களை நான் பேசித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, எஞ்சின் மெதுவாக ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்வோம். லூஸ் செய்ததும் சத்தம் மாறாத சிலிண்டர் ஏற்கெனவே செத்தது. நல்ல சோதனை. ஆனால் துணியைச் சுற்றிச் செய்யுங்கள், விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. அப்படி ஆனால் காத்திருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டீசல் தோலுக்குள் போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். விரலையே இழக்க நேரிடும்.

கொழிஞ்சாம்பாறை, ஜோங்கா வைத்திருப்பவர்:

லாரி இல்லை, ஆனால் அதே ஜபல்பூர்ப் பிறப்பு. ராணுவ ஜீப்பான பெட்ரோல் ஜோங்கா. கோவிந்தாபுரம் வரை சமவெளியில் ஓடும், நெல்லியாம்பதி மேட்டில் படுத்துவிடும். கார்புரேட்டரை எல்லோரும் மாற்றி மாற்றிக் கழுவினார்கள். பொள்ளாச்சியில் ஒரு பெரியவர் ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றும் ரோட்டரைக் கையால் திருப்பிவிட்டு, "இது ஸ்பிரிங்ல திரும்பி வரணும், வரல பாருங்க" என்றார். உள்ளே வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னே தள்ளும் எடைகள் துருவில் ஒட்டிப்போயிருந்தன. சுத்தம் செய்து எண்ணெய் விட்டதும் வேறு வண்டி. பெட்ரோல் வண்டிக்காரர்கள் பாயின்ட் இடைவெளி பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள்.

உடும்பன்சோலை, புதிதாக வாங்கியவர்:

எல்லாருக்கும் நன்றிங்க. போடி அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். அப்ப நெஜமாவே எஞ்சினை இறக்க வேண்டிய நேரம் எப்பன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

போடியிலிருந்து, டீசல் மெக்கானிக்:

நல்ல கேள்வி தம்பி. எஞ்சின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார். லேசான ஆவி இருந்தால் கவலையில்லை. புகைபோக்கி மாதிரி குபுகுபுவென்று அடித்தால் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. அதோடு நீலப்புகை, ஆயில் குறைவது, உங்க ஊர்ப் பனிக்காலைல ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் பண்ணுவது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஆறு சிலிண்டரையும் பார்க்கச் சொல். எல்லாம் ஒரே மாதிரி கொஞ்சம் குறைந்திருந்தால் இன்னும் ஓட்டலாம். ஒன்றிரண்டு மட்டும் ரொம்பக் குறைந்திருந்தால் வால்வு, ஹெட் கேஸ்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் ரிங்குக்கு வர வேண்டும். முதலில் டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி பார்க்கச் சொல், வால்வு உட்காராமல் இருந்தாலே கம்ப்ரஷன் போகும்.

ஹோஸ் வாங்கும்போது டீசலுக்கென்றே வரும் எண்ணெய் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கு. தண்ணீர்க் குழாயோ ரேடியேட்டர் ஹோஸோ போட்டால் சில மாதத்தில் உள்ளே ஊறி உப்பிவிடும். புது ஹோஸ் போட்டதும் ஃபீட் பம்பில் இருக்கும் ஹேண்ட் பிரைமரை அடித்து, முதலில் ஃபில்டரில் ஏர் எடு. குமிழி நின்று சுத்த டீசல் வந்த பிறகு பம்பில் எடு. ஜூன் மழை தொடங்கும் முன் டேங்க்கை ஒரு தடவை இறக்கி அடியில் இருக்கும் தண்ணீரையும் வண்டலையும் கழுவிவிடு. நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்க்கை நிரப்பியே நிறுத்து. பாதி டேங்க்கில்தான் ஈரம் சேரும்.